முதலில் கேட்கக் கூடாத கேள்வி

பிள்ளைகளே,

நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஏழு மாதமாகிறது. பழக்கம் இன்னும் போகவில்லை. போன கிழமை மனைவி கடையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். நான் "எங்கே இருக்கிறீர்கள்? நிற்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டுவிட்டேன். "குரோருட் கடையிலை, பால் அலுமாரிக்கு முன்னாலை நிக்கிறன். வேறை என்ன விபரம் வேணும் உங்களுக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். உங்களில் ஒருத்தி என் மகள். ஆனால் அவளுக்காக மட்டும் எழுதவில்லை. அந்த மேசைகளில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும்தான். சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் இருப்பதாகவும் கேள்வி. நான் யாழ்ப்பாணத்தான். விளங்காத சொல் வந்தால் பக்கத்து மேசையில் கேளுங்கள்.

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் பதினொரு வருடம் மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு வந்து, நீங்கள் இப்போது இருக்கும் அதே கட்டடத்தில் நிலம் துடைத்தேன். ஒரு நாள் இந்தியாவுக்குப் போன ஒரு நோர்வேக்காரருக்குச் சென்னை ஆஸ்பத்திரியோடு பேச ஆள் இல்லாமல் போக, துடைப்பத்தோடு நின்ற என்னை இழுத்து இருத்தினார்கள். அப்படித்தான் பயணக் காப்புறுதியின் உதவி மையத்துக்குள் வந்தேன். வெளிநாட்டில் நோயாளியாகிறவர்களின் அழைப்பை எடுப்பதுதான் நம் வேலை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் அழைப்பு வேறு சாதி. ஸ்பெயினில் காலை உடைத்தவர் காலைப் பற்றிப் பேசுவார். அமெரிக்காவில் காலை உடைத்தவர் முதலில் காசைப் பற்றிப் பேசுவார்.

நான் தொலைபேசிக்கு வந்து மூன்றாவது வருடம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கதையை மாற்றவில்லை.

ஒரு வேலைநாள் பின்னேரம் மூன்று மணி. திரையில் அமெரிக்க எண்.

"ஹலோ, தமிழோ?"

"ஓம் அக்கா, தமிழ்தான். சொல்லுங்கோ."

"அப்பாடா. தம்பி, நான் மனோன்மணி. நாங்கள் ஒஸ்லோவிலை, ட்வெய்ட்டாவிலை இருக்கிறனாங்கள். இப்ப நியூ ஜெர்சியிலை, இவரின்ர தம்பி யோகன் வீட்டிலை நிக்கிறம். யோகன்ர மகளுக்குக் கலியாணம். அது நல்லபடியா முடிஞ்சுது. ஒரு சின்ன விசயம். எங்கட டிக்கெட் அடுத்த கிழமைக்கு. அதை இண்டைக்கு மாத்தித் தர ஏலுமோ?"

"என்ன அவசரம் அக்கா?"

"இவருக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. ஒண்டுமில்லை, வாயு. கலியாண வீட்டுச் சாப்பாடு. தாடை உளையுது எண்டுறார். வேர்க்குது. ஓமத்தண்ணி குடுத்தனான். ஒஸ்லோவுக்கு வந்து இறங்கினால் எங்கட ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

உளைவு என்றால் வலி, சென்னைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். தாடையில் வலி, வியர்வை, அறுபத்தாறு வயது ஆண். இதை வாசிக்கும் எல்லாருக்கும் அது வாயு இல்லை என்று தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் நான் என்ன செய்தேன்? திரையைப் பார்த்தேன். திரையில் பெட்டிகள் இருக்கின்றன. பெட்டிகளை மேலிருந்து கீழாக நிரப்பினேன். காப்புறுதி எண், கணவரின் பெயர் சண்முகம், பிறந்த தேதி. பிறகு,

"அக்கா, இதுக்கு முந்தி அவருக்கு நெஞ்சு வருத்தம் ஏதும் இருந்ததோ?"

"இல்லை," என்றார். "அப்பிடி ஒண்டும் இல்லை. சரி தம்பி, நாங்கள் பிறகு எடுக்கிறம்."

தொடர்பு அறுந்தது.

நம் ஆட்களிடையே ஒரு பேச்சு உண்டு. கோயிலில் கதைப்பார்கள், ட்வெய்ட்டா சென்டரில் கோப்பி குடித்துக்கொண்டு கதைப்பார்கள்: பழைய வருத்தத்தை, அதாவது பழைய நோயை, சொன்னால் காப்புறுதிக்காரன் கைவிரித்துவிடுவான், வாயைத் திறக்காதே. அதில் முழுப் பொய்யும் இல்லை. அந்தப் பேச்சு எனக்கு நன்றாகத் தெரியும், நானே அந்த மேசைகளில் இருந்து கோப்பி குடித்தவன். அப்படியிருந்தும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் தமிழில் அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டேன்.

பக்கத்து மேசையில் எங்கள் தாதி இருந்தாள். என்னைவிட இருபது வயது இளையவள், வடக்கு நோர்வேக்காரி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அவர் எங்கே இருக்கிறார்?" என்றாள்.

"நியூ ஜெர்சியில்."

"அது மாநிலம். அவர் எங்கே? படுத்திருக்கிறாரா? நிற்கிறாரா? மூச்சு வாங்குகிறதா?"

நான் திரும்பத் திரையைப் பார்த்தேன்.

"அவருடைய பிறந்த தேதி உனக்குத் தெரியும். அவர் நிற்கிறாரா என்று தெரியாது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "திரும்ப அழை. அவர்கள் எடுக்கும் வரைக்கும் அழை."

மனோன்மணி அக்கா அழைத்தது கொழுந்தன் யோகனின் எண்ணிலிருந்து. அந்த எண்ணுக்கு எடுத்தேன். பதில் இல்லை. ஐந்து தடவை அடித்தேன். ஆறாவது தடவை யோகன் எடுத்தார். பின்னால் வாகனச் சத்தம். காப்புறுதியிலிருந்து எடுக்கிறேன் என்றேன்.

"அண்ணை, நான் ட்ரைவிங். ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன், கெதியாச் சொல்லுங்கோ."

"எங்கை போறியள்?"

"எயார்போர்ட்டுக்கு. டிக்கெட் மாத்த ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை. நேரை போய்க் கவுண்டரிலை கேப்பம் எண்டு வெளிக்கிட்டனாங்கள்."

"சண்முகம் அண்ணை எப்பிடி இருக்கிறார்? நிமிந்து இருக்கிறாரோ, சரிஞ்சு கிடக்கிறாரோ?"

"பின் சீற்றிலை, அண்ணியின்ர தோளிலை சாஞ்சு இருக்கிறார். முகம் வெளிறிப்போச்சு."

தாதி என் ஹெட்செட்டின் மற்றக் காதைத் தன் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். யோகன் சொல்லச் சொல்ல நான் நோர்வேஜிய மொழியில் அவளுக்குச் சொன்னேன். அவள் தலையை ஆட்டவில்லை. "விமானம் வேண்டாம். இப்போதே அம்புலன்ஸ்," என்றாள்.

"யோகன், காரை ஓரமா விடுங்கோ. அம்புலன்சுக்கு அடியுங்கோ."

"அம்புலன்சோ!" என்றார் யோகன். "அண்ணை, நீங்கள் நோர்வேயிலை இருந்து கதைக்கிறியள். இஞ்சை அதிலை ஏறி இருக்கிறதுக்கே ஒரு பில் வரும். இறங்கினால் பிறகு ஆஸ்பத்திரிப் பில். டொக்டருக்கு வேறை, படம் எடுத்ததுக்கு வேறை, அந்தப் படத்தைப் பாத்தவருக்கு வேறை. உங்களுக்கு விளங்காது."

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"உந்தா, இரண்டு லைற் தள்ளித்தான். பெரிய போர்டு தெரியுது."

தாதியிடம் சொன்னேன். அவள் ஒரு விநாடி யோசித்தாள். "அப்படியானால் நேரே அவசரப் பிரிவு வாசலுக்கு ஓட்டச் சொல். தர்க்கம் பண்ணிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டாம்." அம்புலன்ஸ்தான் சரியான வழி, இன்றைக்கும் உங்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் ஆஸ்பத்திரி கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அவள் வேறு முடிவு எடுத்தாள். அதை எடுக்க அவளுக்குத் தகுதி இருந்தது. எனக்கு இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சொல்லையும் அவளிடம் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள்.

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து நோயாளியின் குரல் முதல் தடவையாக வந்தது. மெல்லிய குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

"நான் இறங்கமாட்டன்."

"அண்ணை, சண்முகம் அண்ணை, நான் ஒஸ்லோவிலை இருந்து கதைக்கிறன்."

"தெரியும் தம்பி. எயார்போர்ட்டுக்கு விடச் சொல்லுங்கோ. அங்கை உள்ளுக்கை போனால் இவன் கையெழுத்து வைப்பான். எனக்கு இவனைத் தெரியும். எந்தப் பேப்பரை நீட்டினாலும் வைப்பான். பிறகு எல்லாப் பில்லும் இவன்ர பேருக்கு வரும். இப்பதான் ஒரு பெட்டையைக் கட்டிக் குடுத்தவன். இன்னொண்டு படிக்குது. இவன்ர வீட்டைத் திண்டிட்டு நான் போகமாட்டன்."

"அண்ணை, சும்மா இருங்கோ!" யோகன் கத்தினார். "காசு என்ன காசு!"

"பாத்தியளே?" என்றார் சண்முகம் அண்ணை.

மனோன்மணி அக்கா இடையில் வந்தார். அழுகிற குரல். "தம்பி, நீங்கள் கட்டுவியளோ? சத்தியமாச் சொல்லுங்கோ. கட்டுவியள் எண்டால் இவர் இறங்குவார்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "ஓம்" என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் எல்லாம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த ஓமைச் சொல்ல அதிகாரம் இல்லை. பழைய வருத்தம் இருந்தது என்பதை அந்த அக்கா தொடர்பை அறுத்த விதத்திலேயே விளங்கிக்கொண்டேன். எங்கள் டொக்டர் பார்த்து முடிவு சொல்லும் வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது. நான் பொய் சொல்லி, பிறகு கம்பனி கட்டமாட்டோம் என்று சொன்னால், அந்தப் பில் யோகனின் வீட்டு வாசலில்தான் விழும். தாதியைப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று விளங்கியிருந்தது. இல்லை என்று கையால் காட்டினாள்.

"அக்கா," என்றேன், "கட்டுவம் எண்டு இப்ப என்னாலை சத்தியம் பண்ண ஏலாது. அதை டொக்டர்தான் பாத்துச் சொல்லவேணும். ஆனா எனக்குத் தெரிஞ்ச இரண்டைச் சத்தியமாச் சொல்லுறன். அவசரப் பிரிவிலை வாற ஆளைக் காசு இருக்கோ எண்டு பாத்துத் திருப்பி விட ஏலாது, அது அந்த நாட்டுச் சட்டம். முதல் பாக்கத்தான் வேணும். மற்றது, யோகன் தன்ர பேரிலை பொறுப்பெண்டு கையெழுத்து வைக்காட்டி, தம்பி எண்ட ஒண்டுக்காக அவரிட்டைக் காசு கேக்க ஏலாது."

"வைக்காமல் இருப்பானோ?" பின் சீட்டிலிருந்து. "அவன் என்ர தம்பி."

"அப்ப அவர் உள்ளுக்கை வரவேண்டாம். வாசலிலை உங்களை இறக்கிப்போட்டுக் காருக்குள்ளையே இருக்கட்டும்."

"என்ன?" யோகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொந்த அண்ணனை வாசலிலை இறக்கிப்போட்டு நான் காருக்குள்ளை பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கிறதோ? என்ன மனுசன் அண்ணை நீங்கள்? சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம் தம்பி? நியூ ஜெர்சியிலையோ?"

பின் சீட்டில் ஒரு சத்தம். சிரிப்பு. பிறகு அது இருமலாகி நின்றது.

"சரி," என்றார் சண்முகம் அண்ணை. "இவன் காருக்குள்ளை இருந்தால் நான் இறங்கிறன்."

"அண்ணை..."

"இருப்பன் எண்டு சொல்லு."

வாகனம் திரும்பும் சமிக்ஞைச் சத்தம் டிக் டிக் என்று கேட்டது. பிறகு, "இருக்கிறன்," என்றார்.

மனோன்மணி அக்கா தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு கணவரோடு உள்ளே போனார். சண்முகம் அண்ணையை உடனே தள்ளுவண்டியில் கொண்டுபோய்விட்டார்கள். ஒருவரும் காசு கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தின் பின்தான் முன்மேசைப் பெண் வந்தாள், பேப்பர்களோடு. நான் ஸ்பீக்கரில் அவளோடு பேசினேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் நோயாளியின் பெயர் மட்டும்தான் வரவேண்டும், காப்புறுதி விபரத்தை நாங்கள் அனுப்புகிறோம், விலாசம் ஒஸ்லோ விலாசம் என்றேன். அவள் மறுக்கவில்லை. எழுதிக்கொண்டே, "அங்கே ஆஸ்பத்திரி இலவசமாமே, உண்மையா?" என்று கேட்டாள். வரியாகக் கட்டுகிறோம், டொக்டரிடம் போனால் ஒரு சிறு பங்கும் கட்டுகிறோம் என்று சொன்னேன். "நான் இங்கேதான் வேலை செய்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் படுத்துக்கொள்கிறேன்," என்று சொல்லிச் சிரித்தாள்.

இருதயக் குழாய் ஒன்று முழுதாக அடைத்திருந்தது. எங்களுக்கு ஆறு மணி ஆகும்போது திறந்துவிட்டார்கள். அந்த விமானத்தில் ஏறியிருந்தால் கடலுக்கு மேலே முடிந்திருக்கும் என்று தாதி சொன்னாள். போய்க் கோப்பி எடுத்துக்கொண்டு வந்தாள், எனக்கும் ஒன்று.

பிறகுதான் மனோன்மணி அக்காவிடம் பழைய கேள்வியைக் கேட்டேன்.

"ஓம் தம்பி. அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு ஸ்டென்ட் வைச்சது."

"அக்கா, காலமை கேக்கேக்க ஏன் இல்லை எண்டனீங்கள்?"

எனக்குப் பின்னேரம் மூன்று மணியாக இருந்தது, அவருக்கு அங்கே காலை ஒன்பது மணி.

"நீங்கள் வருத்தத்தைப் பற்றியெல்லோ கேட்டனீங்கள்," என்றார். "அவரைப் பற்றிக் கேக்கேல்லையே."

திட்டுவதற்காகச் சொன்ன சொல் இல்லை அது. உள்ளதைச் சொன்னார். அன்றிலிருந்து, ஓய்வு பெறும் வரைக்கும், நான் பெட்டிகளை மேலிருந்து கீழாக நிரப்பியதில்லை. ஆள் எங்கே, எப்படி இருக்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார்கள். அது முடிந்த பிறகு மற்றதெல்லாம். நிரப்பாத பெட்டிகளுக்காகத் திரை சிவப்பாகி நின்று கத்தும். கத்தட்டும். அதற்கு உயிர் இல்லை.

மறுநாள் எங்கள் டொக்டர் ட்வெய்ட்டாவிலிருந்த அவருடைய குடும்ப வைத்தியரின் பதிவுகளை வாங்கிப் பார்த்தார். ஐந்து வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை, பயணத்துக்கு முன் போய்க் காட்டியும் இருக்கிறார். கம்பனி ஏற்றுக்கொண்டது. எப்போதும் இப்படி முடியாது. இல்லை என்று சொல்ல வேண்டிய அழைப்புகளும் எனக்கு வந்திருக்கின்றன. அன்றைக்கு நான் ஓம் என்று பொய் சொல்லாததால், அடுத்த நாள் உண்மையான ஓமை நிமிர்ந்து சொல்ல முடிந்தது.

அதைச் சொல்ல யோகனுக்குத்தான் எடுத்தேன். அவர் நன்றி சொன்னார். பிறகு,

"அண்ணை, உங்கட கொம்பனியிலை எனக்கும் ஒரு இன்சூரன்ஸ் எடுக்க ஏலுமோ?"

நான் சிரித்துவிட்டேன். "அது நோர்வேயிலை இருக்கிற ஆக்களுக்குத்தான் தம்பி. ஏன், உங்களுக்கு வேலையிடத்தாலை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. இன்சூரன்ஸ் காட் பேர்சுக்குள்ளை கிடக்கு. மாசம் மாசம் சம்பளத்திலை வெட்டுறாங்கள். ஆனா வருசத்திலை முதல் ஒரு பெரிய தொகை என்ர கையாலை போகவேணும், அதுக்குப் பிறகுதான் அவங்கள் தொடங்குவாங்கள். அந்தத் தொகையைத் தாண்டிற அளவுக்கு நான் ஒரு வருசமும் டொக்டரிட்டைப் போனதில்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறன். கலியாணம் முடியட்டும் எண்டு பாத்தன்."

என் சிரிப்பு நின்றது. காப்புறுதி இல்லாதவனைப் பற்றித்தான் நான் அதுவரை கவலைப்பட்டிருந்தேன். காப்புறுதியைப் பையில் வைத்துக்கொண்டே நீரிழிவு மருந்தைப் பாதியாக்குகிறவனை அன்றுதான் கண்டேன்.

இந்த மனிதருக்கு எங்கள் கணினியில் எண் இல்லை. வரிசையில் நான்கு அழைப்புகள் காத்திருந்தன. தாதி என் முகத்தைப் பார்த்தாள், ஒரு பொத்தானை அழுத்தி என் வரிசையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வருமானத்தைப் பார்த்துக் காசைக் குறைத்து எடுக்கும் கிளினிக்குகள் அங்கே இருக்கின்றன, வெட்கப்படாமல் தேடுங்கோ என்றேன். அதே மருந்து வேறு பெயரில் மலிவாகக் கிடைக்கும், மருந்துக்கடையில் விலையை முதலில் கேளுங்கோ, இரண்டு கடையில் கேளுங்கோ என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார்.

"நான் சொல்லமாட்டன். வெளியிலை சொல்லாமல் இருக்கிறதுதான் என்ர வேலை. நீங்கள் சொல்லுங்கோ. உங்கட வீட்டுக்காக உயிரை விட வெளிக்கிட்ட மனுசனுக்கு நீங்கள் மறைக்கப்படாது."

பத்து நாளில் சண்முகம் அண்ணை பறக்கலாம் என்று அங்குள்ள டொக்டர் எழுதித் தந்தார். வெள்ளிக்கிழமை விமானத்துக்குக் கம்பனி இடம் பிடித்தது. சொல்வதற்கு எடுத்தேன்.

"வெள்ளி வேண்டாம் தம்பி," என்றார். குரல் நன்றாகத் தேறியிருந்தது.

"அண்ணை, நீங்கள் பறக்கலாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இதுக்குப் பிறகு நிக்கிற நாளுக்கு எங்களாலை செலவு தர ஏலாது. டிக்கெட்டும் உங்கட காசிலைதான் மாத்தவேணும்."

"தெரியும். கட்டுறன்."

"என்ன, மருமகன் வீட்டு விருந்தோ?"

"இல்லை. செவ்வாய்க்கிழமை இவனுக்கு ஒரு கிளினிக்கிலை நேரம் எடுத்திருக்கிறம். விட்டிட்டு வந்தால் போகமாட்டான், இவனை எனக்குத் தெரியும்." பக்கத்தில் யாரோ முணுமுணுப்பது கேட்டது. "ஓமடா, உன்னைப் பற்றித்தான் சொல்லுறன். தம்பி, நீங்கள் செவ்வாய்க்குப் பிறகு ஒரு நாள் பாத்துச் சொல்லுங்கோ."

புதன்கிழமை இரண்டு இடம் இருந்தது. போட்டேன்.